புவியின் அகவை: கணக்கும் வழக்கும்

தேர்வுத் தாளில் புவியின் அகவை ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவர் ஒருவர், வகுப்பு முடிந்தபின் நம்மிடம் தனித்து வந்து, "ஐயா, தேர்வுக்காக எழுதிவிட்டேன், இதை நம்பலாமா?" என வினவினார். எழுதிய விடையை நம்ப அஞ்சும் நிலை கல்விக்கும் நன்றன்று, இறைநம்பிக்கைக்கும் நன்றன்று. அன்று அவருக்கு நின்றபடியே கூறியதைச் சற்று விரித்து ஈண்டு எழுதுகின்றோம்.

புவி தோன்றி ஆறாயிரம் ஆண்டுகளே ஆயின என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது? அயர்லாந்தின் ஆர்மா நகரப் பேராயர் ஜேம்ஸ் அஷர், 1650-இல் வெளியிட்ட காலவரிசை நூலில், படைப்பு கி.மு. 4004 அக்டோபர் 23-ஆம் நாளுக்கு முந்திய இரவில் தொடங்கியது எனக் குறித்தார். விவிலியம் கூறும் தலைமுறைகளின் வயதுகளைக் கூட்டியும், பண்டை மன்னர்களின் ஆட்சியாண்டுகளோடு பொருத்தியும் அவர் இதனைப் பெற்றார். அவரை எள்ளுவார் உளர். நாம் அதற்கு உடன்படோம். பழமையை அளக்க அவர் காலத்தில் ஏடுகளையன்றி வேறு கருவி அரிது. ஆயினும், 1701 முதல் ஆங்கில விவிலியப் பதிப்புகளின் ஓரத்தில் இவ்வாண்டுகள் அச்சேறவே, ஓரக்குறிப்பு நாளடைவில் மறைமொழி போலவே மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

இத்தகைய கூட்டற்கணக்கை அஷருக்கு அறுநூறு ஆண்டுகள் முன்பே ஐயுற்றவர் அல்பிரூனி. கி.பி. 1000 அளவில் எழுதிய காலக்கணித நூலில், ஆதம் (அலை) முதல் அலெக்சாந்தர் வரையுள்ள காலத்தை யூதரும் கிறித்தவரும் வெவ்வேறாகக் கணிப்பதையும், இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வேறுபாடு உள்ளதையும் எடுத்துக்காட்டினார். அவர் ஏட்டோடு நின்றாரல்லர். அரபுப் பாலையில் கிணறு தோண்டுங்கால் சிப்பிகள் கிடைப்பதைச் சான்றாக்கி, அது முன்னொரு காலத்தில் கடலாக இருந்தது என்றார். வடஇந்தியச் சமவெளியில் மலையருகே பெருங்கற்களும், அப்பால் சிறுகற்களும், கடலருகே மணலும் இருத்தலை நோக்கி, ஆற்று வண்டலால் தூர்ந்த கடலே அச்சமவெளி என எழுதினார். அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கல்லாகிவிட்ட கடற்சிப்பிகளைக் கண்ட மாணவர்க்கு இதன் அருமை விளங்கும்.

இனி, அறிவியலாரின் கணக்கும் தொடக்கத்திலேயே செவ்வையாக அமைந்துவிடவில்லை. இதனை மறைத்தல் நேர்மையாகாது. உருகிய நிலையிலிருந்து புவி குளிர எவ்வளவு காலமாகும் என ஆராய்ந்த கெல்வின் பிரபு, 1862-இல் 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் வரை என்றார். 1897-இல் அதனை 2 கோடி முதல் 4 கோடி வரை எனக் குறுக்கினார். பாறையடுக்குகளை ஆய்ந்தோர்க்கு இக்காலம் போதவில்லை. கெல்வினிடம் உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி, புவியின் உட்பகுதி வெப்பத்தை எளிதில் கடத்துமாயின் இத்தொகை பன்மடங்காகும் என 1895-இலேயே காட்டினார். பெரியவரின் புகழுக்கு முன் அச்சொல் எடுபடவில்லை. கல்விக்கூடங்களில் இன்றும் காணும் காட்சிதான் இது!

1896-இல் பெக்கரெல் யுரேனியத்தின் கதிரியக்கத்தைக் கண்டறிந்தபின் பாறைக்குள்ளேயே ஒரு கடிகாரம் கிடைத்தது. யுரேனியம்-238 படிப்படியாக ஈயமாக மாறுகின்றது. அதில் பாதி மாறுவதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். புவியின் முதற்பாறைகள் உருகி உருமாறிவிட்டமையால், புவியோடு ஒரே காலத்தில் தோன்றிய விண்கற்களை நாட வேண்டியதாயிற்று. அமெரிக்க அறிஞர் கிளேர் பேட்டர்சன், அரிசோனாவில் விழுந்த விண்கல்லின் துண்டு முதலியவற்றிலுள்ள ஈயத்தை அளந்து, 1956-இல் 455 கோடி ஆண்டுகள் என்றும், பிழை 7 கோடிக்குள் அடங்கும் என்றும் வெளியிட்டார். காற்றிலும் தூசியிலும் கலந்த ஈயம் அளவைக் கெடுத்ததால், ஆய்வறையைத் தூய்மையாக்கவே அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். பெட்ரோலில் ஈயம் கலப்பதை எதிர்த்துப் பின்னாளில் அவர் போராடியதும் இவ்வனுபவத்தின் விளைவே.

கார்பன்-14 முறையின் குறைகளைக் காட்டி இக்கணக்கை மறுப்பாரும் உளர். அம்முறை ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆண்டுகட்கு மேல் பயன்படாது. புவியின் அகவையை எவரும் அதனால் அளக்கவில்லை.

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை சென்றது. "படைப்பு அறிவியல்" என்னும் பெயரில் இளம்புவிக் கொள்கையையும் பள்ளிகளில் நிகராகக் கற்பிக்க வேண்டுமென ஆர்கன்சா மாநிலம் 1981-இல் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து முதலில் வழக்கிட்டோர் நாத்திகர் என நம்மவர் பலர் எண்ணுவர். முதல் வாதி மெதடிஸ்டு போதகர். உடன் கத்தோலிக்க ஆயர் உள்ளிட்ட சமயத் தலைவர்கள் பலர் நின்றனர். 1982 சனவரி 5-இல் நீதிபதி வில்லியம் ஓவர்ட்டன், அது அறிவியலன்று எனக் கூறிச் சட்டத்தைத் தள்ளினார். லூசியானாவின் ஒத்த சட்டத்தை 1987-இல் உச்ச நீதிமன்றமும் தள்ளியது.

திருக்குர்ஆன் புவிக்கு ஆண்டுக்கணக்கு எதனையும் கூறவில்லை. ஆறு நாள்களில் படைப்பு எனக் கூறும் அம்மறையே, இறைவனிடத்து ஒரு நாள் என்பதை ஓரிடத்தில் ஆயிரம் ஆண்டுகளோடும், பிறிதோரிடத்தில் ஐம்பதாயிரம் ஆண்டுகளோடும் ஒப்பிடுகின்றது. ஆதலின் அஷரின் ஓரக்குறிப்பைக் காக்கும் கடமை நமக்கு இல்லை என அம்மாணவரிடம் கூறினோம்.

அவர் விடவில்லை. "கெல்வினின் கணக்குப் போல இதுவும் நாளை மாறினால்?" என்றார். நல்ல வினா. பேட்டர்சனுக்குப் பின் விண்கற்கள் பலவும், 1969 முதல் கொண்டுவரப்பட்ட நிலவுப் பாறைகளும் வெவ்வேறு முறைகளால் அளக்கப்பட்டுவிட்டன. 455 என்பது 454 ஆகியுள்ளது என்றோம்.