ஷெட்டில் நின்ற பழைய கார்: ஓட வைத்து விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்?

கடலூர் முதுநகர், மஞ்சக்குப்பம், சிதம்பரம் பக்கம் பழைய வீடுகளின் பின்கட்டில் இன்னும் சில கார்கள் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கின்றன. அம்பாசிடர், ஃபியட், அபூர்வமாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தாத்தா ஓட்டியது, அப்பா நிறுத்தி வைத்தது, இப்போது சென்னையில் வேலை பார்க்கும் பேரன் கைக்கு வந்திருக்கிறது. "செலவு பண்ணி ஓட வச்சு வித்தா லாபமா சார்? வரி உண்டா?" என்பதுதான் கேள்வி. வீடியோவில் பத்து நிமிடத்தில் அடங்காது என்பதால் இங்கே விரிவாக.

ஹெரால்டையே எடுத்துக்கொள்வோம். நம்ம மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செய்த கார் அது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். நாலு கதவு மாடல் இந்தியாவில் மட்டுமே வந்தது. 1968 மாடல் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் தொகைகள் கணக்குக்காக நான் போட்டவை. உங்கள் காருக்கு உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

நின்ற இடத்திலேயே, உள்ளபடி கொடுத்தால் 60,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். கார்ப்பரேட்டர், பிரேக், வயரிங், பேட்டரி, டயர் என்று 85,000 செலவு செய்தால் வண்டி ஓடும். ஓடுகிற வண்டியை, பெயின்ட் உரிந்த நிலையிலேயே, 2.25 லட்சத்துக்கு எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. ஆர்.சி. புதுப்பிக்க 10,000 சேர்த்தால் செலவு 95,000. மிச்சம் 1.30 லட்சம். சும்மா நிற்கும்போது கிடைக்கும் 60,000-ஐவிட 70,000 அதிகம். இதுவரை சரி.

அடுத்து டிங்கரிங்காரர் வருவார். "முழுசா பண்ணிடலாம் தம்பி, டிங்கரிங், பெயின்ட், சீட்டு எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சம், அப்புறம் மூணரைக்குப் போகும்" என்பார். 2.25 லட்சம் 3.50 ஆகிறது, அதாவது 1.25 லட்சம் கூடுதல். அதற்கு 2 லட்சம் செலவு. 75,000 நஷ்டம். ஆனாலும் பலர் இந்த இடத்தில்தான் தொடர்கிறார்கள். காரணம், "இவ்வளவு போட்டாச்சு, பாதியில விட முடியுமா?" போட்டது போட்டதுதான், அது எப்படியும் திரும்பாது. இனிமேல் போடும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு ரூபாய்க்கு மேல் கொண்டுவருமா என்பதை மட்டும் கேளுங்கள். என் அபிப்பிராயம்: ஓட வைப்பதோடு நிறுத்துங்கள். பழைய கார் வாங்குகிறவர்களில் பலர் பெயின்ட் வேலையைத் தங்கள் ரசனைப்படி செய்யத்தான் விரும்புவார்கள். புதுப் பெயின்டுக்கு அடியில் எவ்வளவு பட்டி இருக்குமோ என்ற சந்தேகம் வேறு அவர்களுக்கு.

குறையோடு விற்பது தப்பில்லை, குறையை மறைத்து விற்பதுதான் வம்பு. கடலூர் கடற்காற்றில் இரும்பு எவ்வளவு நாள் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். ஹெரால்டின் பாடி தனி சேஸிஸ் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும், அந்த சேஸிஸின் பக்கவாட்டுக் கைகள் துருப்பிடிப்பது ஊரறிந்த நோய். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி நனைந்ததா? அதையும் சொல்லுங்கள். தெரிந்த ஒரு குறையை வேண்டுமென்றே மூடி மறைத்து விற்றால், 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதை மோசடி என்கிறது. வாங்கியவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். குறைகளை ஒரு தாளில் எழுதி, போட்டோ ஒட்டி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் உங்களுக்கும் தூக்கம் வரும். ஓட்டிக் காட்டுவதையும் ஒழுங்காகச் செய்யுங்கள். சிதம்பரம் நாலு வீதியை ஒரு சுற்று சுற்றினால் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். புதுச்சத்திரம் வழியாகக் கடலூர் வரை ஓட்டினால்தான் சூடாகிறதா, ஆயில் கசிகிறதா என்று தெரியும்.

சரி, வரிக்கு வருவோம். அதிகம் குழப்பம் இங்கேதான்.

"சொந்தக் காரை வித்தா வரி கிடையாது" என்று ஆபீசில் யாராவது சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் அசையும் பொருளை வருமான வரிச் சட்டம் மூலதனச் சொத்தாகப் பார்ப்பதில்லை (1961 சட்டத்தில் பிரிவு 2(14)). நகை, ஓவியம், கலைப்பொருள் மாதிரியானவை இதில் சேராது, கார் சேரும். அதனால் லாபத்துக்கு வரி இல்லை, நஷ்டம் வந்தாலும் கழிக்க முடியாது. ஆனால் நீங்களோ, உங்களைச் சார்ந்த குடும்பத்தினரோ அதை உபயோகித்திருக்க வேண்டும்.

இதில் ஒரு நிஜ வழக்கு இருக்கிறது. ஒருவர் 1931 மாடல் ஃபோர்டு கார் ஒன்றை 1983-இல் 20,000 ரூபாய்க்கு வாங்கி, பிறகு 21 லட்சத்துக்கு விற்றார். விவகாரம் 1992-93 மதிப்பீட்டு ஆண்டைச் சேர்ந்தது. பாம்பே உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2025 ஆகஸ்டில்! தீர்ப்பு அவருக்குப் பாதகம். கார் என்றால் ஓட்ட முடியும்தான், ஆனால் ஓட்ட முடியும் என்பதாலேயே சொந்த உபயோகம் ஆகிவிடாது, உபயோகித்ததற்கு ஆதாரம் வேண்டும் என்பதுதான் விஷயம். பராமரிப்புச் செலவுக்குக் கணக்கு காட்டவில்லை, வீட்டில் நிறுத்தியதாகவும் இல்லை. விலக்கு போச்சு.

இப்போது நம்ம ஹெரால்டைப் பாருங்கள். ஓட்டியவர் தாத்தா. நீங்கள் ஷெட்டில் திறந்து பார்த்ததோடு சரி. ஓட வைத்த மறுவாரமே விற்றால், "என் சொந்த உபயோகக் கார்" என்று சொல்ல கையில் என்ன இருக்கிறது? அப்போது இது நீண்டகால மூலதன லாபமாகப் போகும். தாத்தா 2001 ஏப்ரலுக்கு முன்பே வாங்கியதால், 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை அசலாக எடுக்கலாம். அது 20,000 என்று வைத்தால், 2.25 லட்சத்தில் அதையும் 85,000-ஐயும் கழித்து 1.20 லட்சம் லாபம். 12.5 சதவீதம், செஸ் சேர்த்து 15,600 ரூபாய். "எனக்கு 12 லட்சம் வரை வரியே இல்லையே" என்று நினைக்காதீர்கள், அந்தத் தள்ளுபடி இந்தச் சிறப்பு விகித வரிக்குக் கிடைக்காது. ஐ.டி.ஆர்.-1-ம் போதாது, ஐ.டி.ஆர்.-2 போட வேண்டும்.

நிஜமாகவே ஆசைப்பட்டு ஓட்டப் போகிறீர்கள் என்றால் விஷயம் வேறு. ஆர்.சி.யை உங்கள் பேருக்கு மாற்றி, இன்சூரன்ஸ் போட்டு, வீட்டு வாசலில் நிறுத்தி, குடும்பத்தோடு சில்வர் பீச் போய்விட்டு வாருங்கள். சர்வீஸ் பில், பெட்ரோல் பில், பழைய போட்டோ எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும். பொய் பில் தயார் பண்ணச் சொல்லவில்லை! இன்னொரு பக்கம், ஒன்றை விற்ற சூட்டில் ரெண்டாவது, மூணாவது என்று வாங்கிச் சரி செய்து விற்றால் அது வியாபாரம். லாபம் சம்பளத்தோடு சேர்ந்து உங்கள் ஸ்லாபில் வரும்.

ஆர்.டி.ஓ. வேலையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். தாத்தா பேரில் ஆர்.சி. இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து முதலில் உங்கள் பேருக்கு மாற்ற வேண்டும். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். 50 வருடம் தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருந்தால் 2021 விதிகளின்படி விண்டேஜ் பதிவும் வாங்கலாம். கட்டணம் 20,000, பத்து வருடம் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' எழுத்து வரும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்றுதான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது. சொந்த உபயோகம் என்று வரித்துறையிடம் வாதாட நினைப்பவர்கள் இதை யோசித்துச் செய்யுங்கள். நடுவில் யாராவது டீசல் இன்ஜின் மாற்றி வைத்திருந்தால் விண்டேஜ் பதிவை மறந்துவிட வேண்டியதுதான். இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யும் பொருந்துகிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

விற்கும் அன்று படிவம் 29, 30 ரெண்டிலும் கையெழுத்து. வாங்குபவர் புதுச்சேரிக்காரர் என்றால் படிவம் 28 போட்டு என்.ஓ.சி.யும் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு. வெறும் டெலிவரி நோட்டை நம்பி விடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நஷ்டஈடும் அவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. பணத்தை பேங்க் வழியாகவே வாங்குங்கள். ஒரே விற்பனைக்கு ரெண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகக் கேட்கலாம். பாதி இன்று, பாதி நாளை என்று பிரித்து வாங்கினாலும் இதே கதைதான்.