கான்கிரீட் அஞ்சல் பெட்டியும் தண்ணீரும்

மாணவர்களே, வீட்டு வாசலில் கான்கிரீட் அஞ்சல் பெட்டி அமைக்கும்போது, கலவை காய்ந்துதான் இறுகுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். சிமெண்ட், நீருடன் வேதிவினை புரிந்தே இறுகுகிறது. இதற்கு நீரேற்றம் என்று பெயர். நம் நாட்டு வெயிலில் நீர் சீக்கிரம் ஆவியானால் வினை குன்றும். மேற்பரப்பு உதிரும், விரிசல் விழும். ஆகவே, கலவை கெட்டியானதும் ஈரச் சாக்கால் மூடி, 7 நாள்களுக்கு நனைத்து வாருங்கள். ஈரச் சிமெண்டின் காரத்தன்மை தோலைப் புண்ணாக்கும், கையுறை அணியுங்கள்.

வளர்த்த நீரே பின்னர் பகையாகலாம். விரிசல் வழியே மழைநீர் உட்புகுந்தால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். அது கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். எனவே, சிறு விரிசலையும் உடனே அடைத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பெட்டியின் விரிசலில் பழுப்புக் கறை தெரிகிறதா? இன்றே பாருங்கள்.