இன்டக்‌ஷன் அடுப்பும் நம் வீட்டுப் பாத்திரங்களும்

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, மேல் டிவிஷனில் வேலை செய்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கையில் ஓர் அட்டைப் பெட்டி. ஈ.பி.எப். காசு வந்ததும் மகன் டவுனில் இருந்து இன்டக்‌ஷன் அடுப்பு ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். அம்மாவுக்கு வெகுகாலமாக மூச்சு இழுப்பு. விறகுப் புகையில் குனிந்து ஊத வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

"ஐயா, பானைய வச்சா டிங் டிங்னு சத்தம் போடுது. அப்புறம் தானா நின்னு போகுது. சூடே ஏற மாட்டேங்குது. கடையில கொண்டு போய் காட்டினா மெசின் நல்லாத்தான் இருக்குன்னு அனுப்பிட்டாங்க" என்றார். பாதி விலைக்காவது விற்று விடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. மெசினில் பழுதில்லை, அம்மா வைத்தது அலுமினியப் பானை. ஆனால் அதை விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? இப்படி ஏமாறுபவர்கள் பலர் என்பதால் இந்த இதழில் இதைப் பற்றி எழுதுகிறோம்.

விறகு அடுப்பில் நெருப்பு பானையைச் சுடுகிறது. இன்டக்‌ஷன் அடுப்பில் நெருப்பும் இல்லை, சிவக்கிற கம்பியும் இல்லை. கண்ணாடித் தட்டுக்குக் கீழே செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் கரண்ட் ஒரு செக்கனுக்கு 20,000 தடவைக்கு மேல் முன்னும் பின்னுமாக ஓடுகிறது. அதனால் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம் உண்டாகிறது. அப்படி மாறும் காந்தப் புலம் பக்கத்தில் உள்ள கம்பியிலும் கரண்டை உண்டாக்கும் என்பதை மைக்கேல் பரடே என்ற விஞ்ஞானி 1831இல் கண்டறிந்தார். இங்கே கம்பிக்குப் பதில் பானையின் அடி. அதில் சுழலும் கரண்ட்தான் சூட்டைத் தருகிறது. சொல்லப்போனால் பானையேதான் அடுப்பு.

"அலுமினியத்திலயும் கரண்ட் ஓடும்தானே?" என்று அந்த அம்மாவின் பேரப்பிள்ளை கேட்டான். நல்ல கேள்வி. ஓடும், ஆனால் தாராளமாக ஓடும். தடை இருந்தால்தான் சூடு பிறக்கும். இரும்பில் அந்தக் கரண்ட் முழுவதும் கடதாசி அளவு மெல்லிய படையில் நெருங்கி ஓட வேண்டியிருக்கிறது. கொழுந்து நிறுக்கப் போகும்போது ஒற்றையடிப் பாதையில் எல்லோரும் இடித்துக்கொண்டு போவதைப் போல. அலுமினியமும் செம்பும் அகலமான ரோட்டைப் போன்றவை. இடிபாடு இல்லை, சூடும் இல்லை. மண் சட்டியிலும் கண்ணாடியிலும் கரண்ட் ஓடவே ஓடாது. சரியான பாத்திரம் இல்லை என்று தெரிந்ததும் மெசின் சத்தம் போட்டு நின்றுவிடும்.

மறுநாள் பழைய ரேடியோ ஒன்றின் ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் லயத்துக்குப் போனோம். பாத்திரத்தின் அடியில் காந்தம் இறுகப் பிடித்தால் வேலை செய்யும், பிடிக்காவிட்டால் செய்யாது. இதைவிட லேசான சோதனை இல்லை. சோத்துப் பானை, கறிச் சட்டி, கேத்தல் மூன்றும் அலுமினியம், ஒன்றிலும் ஒட்டவில்லை. அம்மாவின் முகம் வாடிவிட்டது. பிறகு ரொட்டிக் கல்லில் வைத்தோம், டக்கென்று பிடித்தது. மூலையில் கிடந்த பழைய எனாமல் கேத்தலிலும் பிடித்தது. எனாமல் பூச்சுக்கு உள்ளே இருப்பது உருக்குத் தகடுதான். அந்தக் கேத்தலில் பத்து நிமிடத்துக்குள் தேத்தண்ணி கொதித்தது. புகையில்லாமல் குடித்த அந்தச் சாயத் தண்ணியின் ருசியே தனி.

சில்வர் பாத்திரங்களில்தான் குழப்பம் அதிகம். நிக்கல் கலந்த சில்வரில், அதாவது 18/8 என்று அடித்திருப்பதில், காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. நிக்கல் இல்லாததில் ஒட்டும். பளபளப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சிலவற்றின் உடல் ஒட்டாது, அடியில் மட்டும் உருக்குத் தட்டு பதித்திருப்பார்கள், அவை பாவிக்கலாம். ஆகவே காந்தத்தை அடியிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கையில் கொண்டு போங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அடி தட்டையாகவும் இருக்க வேண்டும். குழிந்த சட்டி தட்டில் பொருந்தாது. மெல்லிய தகட்டுப் பாத்திரத்தில் சுருளுக்கு நேரே மட்டும் சூடேறி, நடுவில் சோறு கருகி ஓரம் வேகாமல் கிடக்கும். ஆறு பேருக்குச் சோறு ஆக்குகிற குடும்பம் தடித்த அடி உள்ளதாக வாங்குவதே நல்லது. ரொட்டிக் கல்லைக் கண்ணாடியில் இழுக்காமல் தூக்கி வையுங்கள், கீறல் விழும். சிலர் அலுமினியப் பானைக்குக் கீழே ரொட்டிக் கல்லை வைத்துச் சமைக்கலாமா என்று கேட்கிறார்கள். கல் சுடும், பானையும் கொஞ்சம் சுடும். ஆனால் கரண்ட் வீணாகும், கண்ணாடியும் மெசினும் அளவுக்கு மீறிச் சூடேறும். வேண்டாம்.

இதே போலத் தோற்றமளிக்கும் இன்ஃப்ராரெட் அடுப்பும் கடைகளில் உண்டு. அது சிவந்து எரியும், எந்தப் பாத்திரத்தையும் ஏற்கும். எது வாங்குகிறோம் என்று கேட்டு வாங்குங்கள்.

இனிச் சொல்வது பாத்திரத்தைவிட முக்கியம். 2000 வாற் அடுப்பு ஒன்று ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். லயக் காம்பராக்கள் பலவற்றில் பல்புக்கும் ரேடியோவுக்கும் என்று போட்ட பழைய வயரும் 5 அம்பியர் பிளக்கும்தான் இருக்கின்றன. அதில் மாட்டினால் வயர் சூடேறி உருகும். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் லயமே போய்விடும். எக்ஸ்டென்ஷன் வயரில் போடுவதும் அப்படியே. எலக்ட்ரீசியனைக் கொண்டு தனி வயரும் 13 அம்பியர் பிளக்கும் போட்டு, எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் சரியா என்று பார்த்த பிறகே பாவியுங்கள். அந்த அம்மாவுக்கும் அதைத்தான் முதலில் சொன்னோம். அன்று கேத்தலை வைத்துப் பார்த்தது கூட நமது அலுவலகப் பிளக்கில்தான். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே இதன் அருகே போக வேண்டும்.

விறகு அடுப்பை இடித்துவிடாதீர்கள். 2022இல் காஸுக்கு வரிசையில் நின்ற அதே நாட்களில்தான் 13 மணித்தியாலம் வரை கரண்டும் வெட்டப்பட்டது.

அந்த அம்மா அடுப்பை விற்கவில்லை. வயர் வேலை முடிந்த அடுத்த மாதம், காந்தம் பிடிக்கிற சோத்துப் பானை ஒன்றை வாங்கிக்கொண்டார். காந்தம் இப்போது நமது அலுவலக மேசை லாச்சியில் இருக்கிறது. பானையைக் கொண்டு வந்தால் பார்த்துச் சொல்வோம்.