மாடல் வழி சிஸ்டம் இன்ஜினியரிங்: ஒரு எக்ஸெல் தாளில் தொடங்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் ஒரு பழக்கத்திற்கு ஆளாகிறோம். ஒரே பைலினை "புதியது", "புதியது 2", "கடைசி", "உண்மையான கடைசி" எனப் பெயர் மாற்றி சேவ் செய்து வைப்போம். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் எது சரியானது என நமக்கே தெரியாது. வீட்டு வரவு செலவுக் கணக்கு என்றால் பெரிய நஷ்டம் இல்லை. பல நூறு பேர் சேர்ந்து ஒரு காரையோ விண்கலத்தையோ வடிவமைக்கும் நிறுவனத்தில் இந்த நிலை இருந்தால்? இதற்கு மாற்றாக வந்ததுதான் மாடல் வழி சிஸ்டம் இன்ஜினியரிங். சுருக்கமாக எம்.பி.எஸ்.இ. என்பார்கள். வெய்ன் வைமோர் என்பவர் 1993லேயே இந்தப் பெயரில் நூல் எழுதியுள்ளார்.

பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். எக்ஸெல் திறந்து கொள்ளுங்கள். ஏ பத்தியில் இரண்டாவது வரிசை தொடங்கி சிபியு, மானிட்டர், மோடம், ஸ்பீக்கர் என டைப் செய்திடவும். அருகே பி பத்தியில் 200, 25, 10, 15 என அவற்றின் வாட் அளவினை அமைக்கவும். பி6 செல்லில் கர்சரை வைத்து ஆட்டோசம் ஐகானைக் கிளிக் செய்து எண்டர் தட்டினால் 250 கிடைக்கும். 600 விஏ யூபிஎஸ் பலவும் 360 வாட் வரைதான் தாங்கும். எனவே பி7 செல்லில் சமக்குறி, 360, கழித்தல் குறி எனக் கொடுத்து, பி6 செல்லினைக் கிளிக் செய்து எண்டர் தட்டுங்கள். 110 என வரும். இதுதான் உங்கள் கையிருப்பு. (லேசர் பிரிண்டரை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதனை யூபிஎஸ்ஸில் இணைக்கவே கூடாது.)

இப்போது பையன் கேம்ஸ் விளையாட கிராபிக்ஸ் கார்டு கேட்கிறான். சிபியுவின் 200ஐ 350 ஆக மாற்றுங்கள். கையிருப்பு மைனஸ் 40 ஆகிவிடும். கார்டு வாங்கும் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. இதே பட்டியலை வேர்டில் டைப் செய்து, கூட்டுத் தொகையையும் கையால் எழுதியிருந்தால் அது 250 என்றே நின்றிருக்கும். வேர்டில் இருப்பது ஆவணம். எக்ஸெல்லில் இருப்பது மிகச் சிறிய மாடல்.

ஆவணத்தை மட்டும் நம்பியதால் வந்த இழப்புக்குப் பலரும் சொல்லும் உதாரணம் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர். 1998 டிசம்பரில் ஏவப்பட்டு, 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கும்போது தொலைந்து போனது. உந்துவிசைக் கணக்கினை ஒரு சாப்ட்வேர் பவுண்டு அளவில் தந்தது. அதைப் பெற்றவர்கள் நியூட்டன் அளவு என எடுத்துக் கொண்டார்கள். வித்தியாசம் ஏறத்தாழ 4.45 மடங்கு. மெட்ரிக் அளவுதான் பயன்படுத்த வேண்டும் என ஆவணத்தில் தெளிவாகவே இருந்தது. ஆனால் எழுதியிருந்ததையும் இயங்கியதையும் சேர்த்து வைத்து யாரும் சோதிக்கவில்லை.

அதே நாசாவின் யூரோபா கிளிப்பர் விண்கலம் 2024 அக்டோபர் 14 அன்று வியாழனை நோக்கிக் கிளம்பியது. எடை சுமார் 6,000 கிலோ. இதன் ஆரம்ப ஆய்வுக் கட்டத்திலேயே, 2012 வாக்கில், மாடல் முறையினைக் கொண்டு வந்தார்கள். எங்கே தொடங்கினார்கள் என்று கவனியுங்கள். பாகங்களின் எடைப் பட்டியல்! நாம் வாட் கூட்டியது போல அவர்கள் கிலோ கூட்டி, எவ்வளவு கையிருப்பு என்ற அறிக்கையை மாடலிலிருந்தே எடுத்தார்கள். மாடல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஏவுவதற்குச் சில மாதங்கள் முன், 2024 மே மாதத்தில், அதன் டிரான்சிஸ்டர்கள் எதிர்பார்த்த கதிர்வீச்சைத் தாங்காமல் போகலாம் எனத் தகவல் வந்து, நான்கு மாதம் சோதித்த பிறகே அனுமதி தந்தார்கள். நாம் உள்ளே தராத தகவலை மாடல் எப்படிச் சொல்லும்?

இனி என் கதை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் பேக்கிங் மெஷின் தயாரித்தோம். எலெக்ட்ரிக்கல் பிரிவினர் 12 வோல்ட்டிலிருந்து 24 வோல்ட்டிற்கு மாறி, தங்கள் வரைபடத்தையும் திருத்தினார்கள். கொள்முதல் பட்டியலில் மட்டும் பழையபடி 12 வோல்ட் சென்சார்கள். வாடிக்கையாளரின் இடத்தில் ஸ்விட்ச் போட்டவுடன் அத்தனையும் கருகின. நான்தான் இரவு பஸ்ஸில் மாற்று சென்சார்களுடன் போனேன்.

பதறிய நிர்வாகம் விலை உயர்ந்த மாடலிங் சாப்ட்வேர் வாங்கியது. மூன்று நாள் பயிற்சி. அடுத்த மாதம் முதல் எல்லாமே இதில்தான் என உத்தரவு. நடந்தது என்ன? எல்லோரும் வழக்கம் போல வேர்டிலும் எக்ஸெல்லிலும் வேலையை முடித்துவிட்டு, மேனேஜருக்குக் காட்டுவதற்காக அதையே மாடலில் மறுபடி வரைந்தார்கள். நானும்தான். ஏற்கனவே மூன்று பிரதிகள்; இப்போது நான்காவதாக ஒன்று! நான்கு மாதங்களில் அது தூசி படிந்தது.

ஓராண்டு கழித்து மீண்டும் முயன்றோம். இம்முறை ஒரே சிறிய மெஷின், ஒரே கேள்வி: எந்த ஒயர் எதையும் எதையும் இணைக்கிறது, எத்தனை வோல்ட்? இதனை மட்டும் மாடலில் வைத்தோம். கொள்முதல் பட்டியலை அதிலிருந்தே பிரிண்ட் எடுத்தோம். பழைய எக்ஸெல் பைலை நிறுத்திவிட்டோம். என் கருத்தில் பழையதை நிறுத்தும் இந்த வேலைதான் மிகக் கடினம். சாப்ட்வேரைக் கற்றுக்கொள்வது அல்ல. "தம்பி, டிராயிங் என் கையில இருந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றார் எங்கள் மூத்த ஃபோர்மேன். அவர் பழகிய அதே வடிவத்தில், மாடலிலிருந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். முதல் வாரமே இரண்டு தவறுகளைச் சிவப்பு மையில் சுழித்துக் கொண்டு வந்தார். திருத்தினோம். பிறகு அவரே பிரிண்ட் கேட்டு வர ஆரம்பித்தார். மெக்கானிக்கல் பிரிவினர் மட்டும் நான் விலகும் வரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இம்முறையை வீட்டிலேயே பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு செய்தி. தேல்ஸ் நிறுவனம் தன் பயன்பாட்டிற்காக உருவாக்கிய கேப்பெல்லா என்ற சாப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. விண்டோஸில் இயங்கும். டவுன்லோட் செய்து, ஜிப் பைலை விரித்து இயக்குங்கள். விமானப் பயணிகளுக்கான பொழுதுபோக்கு சிஸ்டம் ஒன்றின் மாதிரி மாடல் இதற்கென உள்ளது. அதனைத் திறந்து, ஒரு பெட்டியின் பெயரை மட்டும் மாற்றுங்கள். பின்னர் அதே பெட்டி இடம்பெறும் வேறு படங்களைத் திறந்து பாருங்கள். அங்கும் பெயர் மாறியிருக்கும். பெயிண்டில் வரைந்திருந்தால் ஒவ்வொரு படத்திலும் தேடித் தேடி மாற்ற வேண்டியிருக்கும். சாப்ட்வேர் சற்றுப் பெரியது. பழைய கம்ப்யூட்டரில் திறக்க நேரம் எடுக்கும், பொறுமையாக இருங்கள்.