பயணக் காலத்தில் பூனையின் பராமரிப்பு

கேள்வி: குடும்பத்தினர் பத்து நாள் வெளியூர் செல்லும்போது பூனையைக் காப்பகத்தில் விடுவது நல்லதா, வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லதா?

பதில்: பூனை, தன் கன்னச் சுரப்பிகளின் மணத்தைச் சுவரிலும் கதவிலும் தேய்த்து அடையாளமிட்ட எல்லைக்குள்ளேயே பாதுகாப்பை உணரும் விலங்கு என்பதால், பெரும்பாலான பூனைகளுக்கு, பழகிய ஒருவர் நாளுக்கு இருமுறை வந்து உணவும் நீரும் வைத்து, அது கழிவு வெளியேற்றும் மணல் தட்டைச் சுத்தம் செய்துவிட்டுப் போவதே சிறந்த ஏற்பாடாகும். அவ்வாறு வருபவர் உணவு குறைந்திருக்கிறதா, மணல் நனைந்திருக்கிறதா என்று அன்றாடம் பார்ப்பது இன்றியமையாதது. ஏனெனில் சில நாள் உண்ணாத பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, உடற்கொழுப்பு கல்லீரலில் குவியும் கொழுப்புக் கல்லீரல் நோய் தோன்றக்கூடும். ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை அடைபட்டாலோ ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம்.

காப்பகம் தவிர்க்க இயலாததெனில், ரேபிஸ் எனப்படும் வெறிநோய்க்கும், குடலையும் வெள்ளணுக்களையும் தாக்கும் பான்லூக்கோபீனியாவுக்கும் உரிய தடுப்பூசிகளை முன்கூட்டியே போட்டு, நாய்க் குரைப்பு எட்டாத தனியறை உள்ள இடத்தைத் தேர்ந்து, வீட்டு மணம் படிந்த துணியொன்றையும் உடன் அனுப்புதல் வேண்டும். எந்த ஏற்பாடாயினும், கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணையும், அவசரச் சிகிச்சைக்கான ஒப்புதலையும் எழுதிக் கொடுத்துச் செல்வது வளர்ப்போரின் கடமையாகும்.