அப்டேட் போட்டால் விண்டோஸ் போய்விடுமா?

கேள்வி: செங்கத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துகிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருவோம். கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று 2019-ல் அசெம்பிள் பண்ணி வாங்கியது. விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்தவரே, "அக்கா, அப்டேட்டை ஆஃப் பண்ணிட்டேன். தப்பித்தவறி ஆன் பண்ணிடாதீங்க. டூப்ளிகேட்னு கண்டுபிடிச்சு விண்டோஸைத் தூக்கிடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அதைத் தொடவே இல்லை. இன்னொன்று கம்பெனி மெஷின், ஒரிஜினல் விண்டோஸோடு வந்தது. போன ஐப்பசியில் இடி இடித்த அன்று மதர்போர்டு போய்விட, வேறு போர்டு மாற்றினோம். இப்போது திரையின் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்ற எழுத்து போகாமல் நிற்கிறது. காசு கொடுத்து வாங்கியதற்கே இந்தக் கதி என்றால் மற்றதற்கு என்ன ஆகும் ஐயா? அப்டேட் போடலாமா, கூடாதா?

- வாசகி, செங்கம்

பதில்: போடலாம் அம்மா. போட்டே ஆக வேண்டும். விண்டோஸை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். விண்டோஸ் 10-ல் லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தால் மூலையில் அந்த எழுத்து வரும், வால்பேப்பர், நிறம் போன்றவற்றை அமைப்புகளில் மாற்ற விடாது, அவ்வப்போது நினைவூட்டும். கோப்புகளில் கை வைக்காது. லைசென்ஸ் இல்லை என்பதற்காகப் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தாது.

அதற்காக உங்கள் சர்வீஸ்காரரை முழுப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். அவர் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2005-ல் மைக்ரோசாஃப்ட் 'விண்டோஸ் ஜெனுவின் அட்வான்டேஜ்' என்ற சோதனையைக் கட்டாயமாக்கியது. அவர்கள் தளத்திலிருந்து எதையாவது இறக்க வேண்டுமென்றால் முதலில் உங்கள் விண்டோஸ் எக்ஸ்பி ஒரிஜினல்தானா என்று பார்ப்பார்கள். 2006-ல் இதன் அடுத்த துண்டு, பாதுகாப்பு அப்டேட்டுகள் வரும் அதே தானியங்கிக் குழாய் வழியாக, முக்கியமான அப்டேட் என்ற பெயரில் மெஷின்களுக்குள் வந்து உட்கார்ந்தது. தினமும் அது தலைமையகத்தைத் தொடர்புகொள்கிறது என்பது அந்த ஜூனில் வெளியே தெரிந்து, வழக்கு வரைக்கும் போனது. மருந்து கொடுக்க வந்தவர் கூடவே வீட்டுப் பத்திரத்தையும் எடுத்துக் காட்டச் சொன்னால் அடுத்த முறை யார் கதவைத் திறப்பார்கள்? அப்டேட் என்றாலே லைசென்ஸ் போலீஸ் என்ற எண்ணம் அங்கே பிறந்ததுதான். அந்தத் தவறு மைக்ரோசாஃப்டுடையது என்பது என் கருத்து.

அதன் விலை என்ன என்பதை 2008 அக்டோபரின் ஒரே வாரம் காட்டியது. சீனாவில் திருட்டு எக்ஸ்பி வைத்திருந்தவர்களின் திரை மணிக்கொரு முறை கறுப்பாகும்படி மைக்ரோசாஃப்ட் செய்தது. அங்கே பெரிய கொந்தளிப்பு. அப்டேட்டை அணைத்து வைப்பதே தப்பிக்கும் வழி என்ற பேச்சும் பரவியது. அதே வாரம், அக்டோபர் 23 அன்று, வழக்கமான மாதாந்திர நாளுக்குக் காத்திராமல் ஓர் அவசர பாதுகாப்பு அப்டேட் வெளியானது. அடுத்த மாதம் 'கான்ஃபிக்கர்' என்ற புழு கிளம்பி, அந்த அப்டேட் அடைத்த ஓட்டை வழியாகவே உலகம் முழுக்க லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் நுழைந்தது. அதன் பிந்தைய வடிவங்கள் பென்டிரைவ் மூலமும் பரவின. ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென்டிரைவ் உங்கள் மெஷினில் ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். 2017-ல் வந்த 'வான்னாக்ரை' என்ற புழுவும் இதே கதைதான். மார்ச் 14-ல் அப்டேட், மே 12-ல் தாக்குதல். இடையில் கிடைத்த இரண்டு மாதத்தில் போடாதவர்கள் மாட்டினார்கள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாயின.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோதனை கடுமையாக இருந்த 2005-லேயே, லைசென்ஸ் இல்லாதவர்களுக்கும் பாதுகாப்பு அப்டேட் தானியங்கி வழியாகப் போகும் என்று மைக்ரோசாஃப்ட் விதிவிலக்கு வைத்திருந்தது. தருமம் ஒன்றும் இல்லை. ஒரு தெருவில் ஒரு வீட்டில் கொசு வளர்ந்தாலும் கடி எல்லா வீட்டுக்கும்தான். திருட்டு விண்டோஸில் வளரும் புழு, காசு கொடுத்தவரின் விண்டோஸையும் தாக்கும்.

ஆகவே இரண்டையும் உங்கள் மனத்தில் தனித்தனியாக வையுங்கள். லைசென்ஸ் உங்களுக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் இடையிலான கணக்கு. அப்டேட், உங்கள் கடையில் ஆதார் நகலையும் வங்கிப் புத்தகத்தையும் நீட்டுகிற ஜனங்களுக்கு நீங்கள் பட்டிருக்கும் கடன். முதல் கணக்குக்குப் பயந்து இரண்டாவதில் ஆறு வருஷம் பாக்கி வைத்திருக்கிறீர்கள்.

இப்போது அசெம்பிள் மெஷின். அதில் எந்த வகை லைசென்ஸ் இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, பிறகு டி, எல், ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். 'ரீடெயில்' அல்லது 'ஓஇஎம்' என்று வந்தால் நல்ல அறிகுறி. 'வால்யூம்', 'கேஎம்எஸ் கிளையன்ட்' என்று வந்தால் பெரும்பாலும் நீங்கள் நினைத்ததுதான்.

கேஎம்எஸ் என்பது பெரிய அலுவலகங்களுக்கான முறை. அவர்களுடைய சர்வர் ஒன்று உள்ளேயே இருக்கும். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் 180 நாளுக்குள் அதனிடம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கிராக் போடுபவர்கள் அந்த சர்வர் போல நடிக்கும் சிறு நிரலை உங்கள் மெஷினிலேயே வைத்துவிடுவார்கள். ரேஷன் கடைக்காரர் வேஷத்தில் ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து கார்டில் முத்திரை குத்துகிற மாதிரி. முத்திரை குத்துவதோடு அவர் நிற்பாரா என்பதுதான் கேள்வி. இந்த நிரலை ஏற்றும் முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். எங்கிருந்தோ இறக்கிய ஒன்றை, காவலை நிறுத்திவிட்டு, முழு அதிகாரத்தோடு ஓட விட்ட மெஷின் அது. அதில்தான் அடுத்தவருடைய பாஸ்வேர்டை அடித்து விண்ணப்பம் போடுகிறீர்கள்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் ஏழு நாளிலிருந்து மூன்று வருடம் வரை சிறையும், 50,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதமும் என்கிறது. லாபத்துக்கோ வியாபாரத்துக்கோ அல்லாத பயன்பாடு என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். கடை அந்தச் சலுகைக்குள் வராது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'ஒரிஜினல் கீ'யும் தீர்வல்ல. பல, யாரோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த மொத்தச் சாவியைச் சில்லறையாக விற்பவை. என்றைக்காவது முடக்கப்படும்.

இரண்டாவது மெஷின் விஷயத்தில் எனக்கு உங்கள்மேல் பரிதாபம்தான். விண்டோஸ் 8 காலத்திலிருந்து கம்பெனி மெஷின்களில் லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. மெஷினின் 'கைரேகை'யிலும் மதர்போர்டுக்குத்தான் எடை அதிகம். போர்டை மாற்றியதும் மைக்ரோசாஃப்டின் கண்ணுக்கு அது வேறு ஆள். முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த விண்டோஸை இணைத்திருந்தால், அமைப்புகளில் ஆக்டிவேஷன் பகுதிக்குப் போய், டிரபிள்ஷூட் என்பதைத் தட்டி, சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன் என்று சொல்லிப் பாருங்கள். இணைக்கவில்லை என்றால், போட்ட போர்டு எது என்பதைப் பொறுத்தது. பழுதுக்குப் பதிலாக அதே கம்பெனியின் அதே வகை போர்டு என்றால் லைசென்ஸ் உங்களுடையதுதான். பில்லையும் சீரியல் எண்ணையும் எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். கடைத்தெருவில் கிடைத்த ஏதோ ஒரு போர்டு என்றால், விதிப்படி அது புது மெஷின். இடி விழுந்தவரிடம் இப்படிச் சட்டம் பேசுவது நியாயமா என்றால், இல்லை.

சோதனை செய்பவர்களே தவறுவதும் உண்டு. 2007 ஆகஸ்டில் சோதனை முடியாத நிரலை யாரோ தவறுதலாக உண்மையான சர்வரில் ஏற்றிவிட, ஏறக்குறைய 19 மணி நேரம் ஒழுங்காக வாங்கியவர்களின் விண்டோஸையும் போலி என்றது. 12,000-க்குச் சற்றுக் குறைவான மெஷின்கள் பாதிக்கப்பட்டன என்று கணக்குச் சொன்னார்கள். எனவே நாளைக்கே நல்ல மெஷினில் அந்த எழுத்து வந்தால், பதறிப்போய் கிராக்காரரைக் கூப்பிடாதீர்கள். ஒரு நாள் பொறுங்கள்.

இன்னொரு சிக்கல், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவே 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அப்டேட்டை இப்போது திறந்தால் அதுவரையிலான பாக்கி வந்து சேரும், வழக்கமான வழியில் அதற்குமேல் இல்லை. எனவே பழைய கிராக் மெஷினைச் சீர்திருத்திக்கொண்டிருப்பதில் பொருளில்லை. 2019 மெஷின் என்றால் உள்ளே எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் இருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் பயாஸில் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை இயக்கிவிட்டால் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வேலையைப் பிரித்துவிடுவேன். ஆன்லைன் விண்ணப்பம் போடும் மெஷினைத் துடைத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் ஏற்றுவேன். பிரவுசரும் பிரிண்டரும் போதும் அந்த வேலைக்கு. லைசென்ஸ் சோதனை என்ற பேச்சே அதில் கிடையாது. டிடிபி மெஷினுக்கு மட்டும் ஒரு விண்டோஸ் 11 லைசென்ஸ் காசு கொடுத்து வாங்குவேன். உங்கள் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள் டாங்கிள் செருகினால்தான் திறக்கும் வகையாக இருந்தால், அது விண்டோஸ் 11-ல் ஓடுகிறதா என்று விற்றவரிடம் முதலில் கேளுங்கள்.

தொடங்கும் முன் வாடிக்கையாளர் வேலைகளையெல்லாம் தனி ஹார்டு டிஸ்கில் எடுத்து, வேலை முடிந்த ஆதார் ஸ்கேன்களை அப்படியே அழித்துவிடுங்கள். கடைக்கு விடுமுறையான நாளில் செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனால் மெஷின் படுத்துவிடும், ஆகவே யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று முதல் நாளே பார்த்துவிட்டு, அன்றைக்கு உங்கள் பகுதிக்கு மின்தடை அறிவிப்பு இருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.