நாகவல்லியின் குரல்

பாறசாலையிலிருந்து களியக்காவிளை எல்லையைக் கடந்து, மார்த்தாண்டம் வழியே தக்கலைக்குச் சென்றால் பத்மநாபபுரம் அரண்மனையைக் காணலாம். 1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது அவ்வூர் தமிழகத்தைச் சேர்ந்தது. அரண்மனையை இன்றும் கேரள அரசே பேணுகிறது. 1993இல் வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ என்னும் மலையாளத் திரைப்படத்தின் சில காட்சிகள் இங்குப் படமாக்கப்பட்டன.

அப்படத்தின் நாயகி கங்கா மலையாளம் பேசுபவள். மனம் பிறழும்போது, முற்காலத்துத் தஞ்சை நாட்டிய மங்கையான நாகவல்லியாகத் தன்னைக் கருதித் தமிழ் பேசுவாள். இருநிலைகளையும் நடித்த ஷோபனா தேசிய விருது பெற்றார். ஆயினும் திரையில் ஒலித்த குரல் அவருடையதன்று. கங்காவுக்காகப் பேசியவர், சிறுவயதிலேயே சென்னையில் இத்தொழிலுக்கு வந்த பாக்கியலட்சுமி.

பின்னணிக் குரல் தருவது எழுதியதைப் படிப்பதன்று. ஒலிப்பதிவுக் கூடத்தில், திரையில் ஓடும் காட்சியின் இதழசைவைப் பார்த்தவாறே பேசவேண்டும். பகரமும் மகரமும் ஈரிதழ்களும் பொருந்தப் பிறக்கும் என இலக்கணத்தில் கற்றோமல்லவா? இதழ் மூடும் இடத்தில் அகரம் ஒலித்தால் பார்ப்போர் உடனே கண்டுகொள்வர். ஆதலால், ஒரு மொழிப் படத்தைப் பிறிதொரு மொழிக்கு மாற்றுவோர் பொருளை மட்டுமன்றி இதழையும் எண்ணிச் சொல் தேடுகின்றனர். விம்மலும் பெருமூச்சும்கூட நடிப்பவரின் மார்பு அசையும் கணத்திலேயே எழவேண்டும்.

நாகவல்லிக்கும் பாக்கியலட்சுமியே பேசினார் எனக் கேரள மக்கள் நெடுங்காலம் நம்பினர். 2016இல் இயக்குநர் பாசில் உண்மையை வெளியிட்டார். பாக்கியலட்சுமி இரு பகுதிகளையும் பேசியிருந்தார். ஆனால் இரு குரல்களும் ஒத்திருப்பதாகத் தோன்றவே, தமிழ்ப் பகுதி மட்டும் துர்கா என்னும் தமிழ்க் கலைஞரைக் கொண்டு மீண்டும் பதிவு செய்யப்பட்டது. அச்செய்தி பாக்கியலட்சுமிக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவரைக் குறைகூற இடமில்லை. அவர் பேசியதும் உண்மையே. எனினும், கேட்டோரை நடுங்க வைத்த அத்தமிழ்க் குரலுக்கு உரியவர் இருபதாண்டுகளுக்கும் மேலாகப் பெயரற்றவராகவே இருந்தார்.

சொற்பொருள்: பிறழ்தல் – நிலைமாறுதல், பேணுதல் – காத்தல், ஈரிதழ் – இரண்டு உதடுகள்.

பயிற்சி

1. ‘அம்மா, பால் வேண்டும்’ என்னும் தொடரைக் கண்ணாடிமுன் நின்று சொல்லுக. இதழ்கள் எவ்வெழுத்துகளில் மூடுகின்றன?

2. தமிழ்ப் பகுதி மீண்டும் பதிவு செய்யப்பட்டதன் காரணம் யாது?

3. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுகிறீர்கள். மொழி மாறும்போது உங்கள் குரலும் மாறுகிறதா? வீட்டாரிடம் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.